எட்டின் மேல் ஓர் எட்டு

சில்லறைக்குத் திண்டாடிய எண்பதுகளின் நடுப்பகுதி நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மீதிக் காசுக்குப் பதிலாகக் கடைக்காரர் ஆரஞ்சு மிட்டாயைக் கையில் வைப்பார். சரியான சில்லறை இல்லாதவர்களைக் கண்டக்டர் படியிலேயே நிறுத்தி முறைப்பார். மஞ்சள் நிறத் தாமரை இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று நம்பி, அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தவர்களை நான் அறிவேன். நீங்களும் அறிந்திருப்பீர்கள். திண்டுக்கல்லில் அப்போது காசை வாங்கியதும் திருப்பிப் பார்க்காதவர்கள் குறைவு.

அந்த வருடம் ஆனி பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆடி முடிவதற்குள் அப்பாவுக்கு வேலை போயிற்று. ஒரு பித்தளைச் சில்லும், நான் சொன்ன நான்கு பதில்களும் அதற்குக் காரணம். பின்னாளில் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்தும் வேலையிலேயே என் காலம் கழிந்தது. அந்த நான்கு பதில்களையும் பலமுறை மனதுக்குள் படித்துப் பார்த்திருக்கிறேன். நான்கிலும் பொய் இல்லை.

பேகம்பூரை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். காற்று திசை மாறினால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா பூட்டுப் பட்டறையில் கை பிரஸ் அடிப்பவர். இரண்டு முனையிலும் இரும்புக் குண்டு பொருத்திய கைப்பிடியை இழுத்துச் சுழற்றினால் திருகு இறங்கும். அச்சு பித்தளைத் தகட்டில் பதியும். தகட்டில் ஒரு மயிலும் பட்டறையின் பெயரும் வரும். அச்சை அங்கே டை என்பார்கள். பூட்டின் நம்பரை மட்டும் தனித்தனி நம்பர் பஞ்ச்சுகளை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள்.

நாற்பதைத் தாண்டியதும் அப்பாவுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் பிரஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. விரல்களால் சமாளித்தார். தகட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினால் எழுத்து சரியாக இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். சித்தையன்கோட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் கிடைத்த ஒரு ரூபாயை அப்படித்தான் தடவினார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். கையில் பிடியில்லாத ஒரு பூதக்கண்ணாடி இருந்தது.

"பாப்பா, இதுல எழுத்து தடிப்பா இருக்கு. என்னா தெரியுது, பாத்துச் சொல்லு."

வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 1985 என்ற ஆண்டெண்ணில் எட்டின் மேல் இன்னோர் எட்டு, மயிரிழை தள்ளி உட்கார்ந்திருந்தது. அதே பக்கத்தில் ரூபீ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளிலும் அப்படியே. மற்ற எழுத்துகள் ஒற்றையாகத்தான் இருந்தன.

"ரெண்டு எட்டு தெரியுதுப்பா."

"ரெண்டாவது எட்டு தட்டையா, படி மாதிரி இருக்கா? இல்ல ரெண்டும் ஒரே ஒசரமா, உருண்டையா இருக்கா?"

"ஒரே ஒசரம்தான். எழுத்து முடியுற எடத்துல பொளந்த மாதிரி இருக்கு."

அப்பா அன்று டீ ஆறும்வரை அதைக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் தெருவில் ஒரு பாய் சாக்கை விரித்துப் பழைய காசு விற்பார். குடை ரிப்பேரும் அவர்தான். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாய் காசைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இந்த மாதிரி நாலு பேரு கொண்டாந்து காட்டிட்டாங்க. எல்லாம் மிசினு ஆடுனதுல விழுந்தது. அதுக்கு ஒரு டீ கூட வராது."

"இது ஆட்டம் இல்ல பாய். நான் தெனம் பிரஸ் அடிக்கிறவன். டை லூசா இருந்தா, அடிச்சதும் ஒரு இழுப்பு இழுக்கும். எழுத்து ஓரத்தச் செதுக்கிவிட்ட மாதிரி பளபளன்னு படி விழும், எழுத்து மெலிஞ்சு போயிரும். இது தடிச்சிருக்கு. டையிலயே ரெண்டா இருக்கு."

"டையிலயே இருந்தா அந்த டையில அடிச்ச அம்புட்டுக் காசுலயும் இருக்கணும்ல?"

"இருக்கணும்."

"அப்ப இன்னொண்ணு கொண்டாங்க. ஜோடியாக் கொண்டாந்தா, பழைய காசு வாங்குற மெட்ராஸ் சேட்டுகிட்ட நானே பேசுறேன். உங்க வீட்டுக் கூரையவே மாத்திரலாம்."

"கெடைக்கலேன்னா?"

"ஒத்த ரூவா ஒத்த ரூவாதான். பஸ்ஸுக்கு ஆகும்."

அதன்பின் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு ரூபாயும் என் கண்ணைக் கடந்துதான் போயிற்று. மூன்று டப்பாக்கள் இருந்தன. முதலாவது மூக்குப்பொடி டப்பா, டையிலேயே இரட்டையானவற்றுக்கு. அதில் அந்த ஒரு காசு மட்டும் கிடந்தது. இரண்டாவதில் ஆட்டக் காசுகள். மூன்றாவதில் தேய்ந்த டையில் அடித்தவை. அவற்றின் எழுத்துகள் நனைந்த சாக்பீஸால் எழுதியவை போல ஓரம் கரைந்து, விளிம்பை நோக்கி வீங்கியிருக்கும். பார்த்த உடனே இரட்டை என்றுதான் தோன்றும். இரண்டு தடவை அதில் ஏமாந்து கத்தியிருக்கிறேன். அப்பா எழுந்து ஓடிவந்து, தடவிப் பார்த்துவிட்டு, மூன்றாவது டப்பாவில் போட்டார். நான் பார்த்ததைச் சொல்வேன். எந்த டப்பா என்று அவர் சொல்வார். எங்கள் ஏற்பாடு அதுதான்.

அம்மாவுக்கு எரிச்சல். "ஊருல உள்ளவன் காசத் தேடுறான். இந்த மனுசன் காசுக்குள்ள எழுத்தத் தேடுறாரு. உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியலேன்னு பட்டறையில சொல்லிறவாடி?"

"சொல்லிறாதம்மா."

"சொல்ல மாட்டேன். சோத்துல மண்ணப் போட்டுக்கவா?"

ஆனி போயிற்று. ஜோடி கிடைக்கவில்லை. ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஜோடி கிடைக்காது என்று தெரிந்ததும் அப்பா வேறொரு வழி யோசித்தார். பிரஸ் அடிப்பவருக்குத்தான் அந்த யோசனை வரும். இரண்டு பிழைகளையும் தானே செய்து பார்ப்பது, பிறகு ரூபாயின் பிழை எதைப்போல இருக்கிறது என்று ஒப்பிடுவது.

ஒரு சனிக்கிழமை மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா தூக்குவாளியைத் திறக்கக்கூட இல்லை. பூட்டுத் தகட்டில் துளை வெட்டும்போது விழும் வட்டச் சில்லுகளில், ஏறக்குறைய ரூபாய் அளவிலான பன்னிரண்டைப் பொறுக்கி வைத்திருந்தார். ஒரு சின்ன இரும்புத் துண்டில் ஒன்று, ஒன்பது, எட்டு, ஐந்து என்று நம்பர் பஞ்ச்சை வைத்து அடித்தார். பிறகு ஒவ்வொரு பஞ்ச்சையும் துளி தள்ளி வைத்து மறுபடி அடித்தார். அதுதான் இரட்டை டை. அதைப் பிரஸ்ஸில் பூட்டி ஆறு சில்லுகளை அடித்தார். இன்னொரு துண்டில் ஒரே முறை அடித்து, அதைப் பிரஸ்ஸில் வேண்டுமென்றே தளர்வாகப் பூட்டி மற்ற ஆறையும் அடித்தார்.

சில்லுகள் சுட்டன. பித்தளை வாடையும் எண்ணெய் வாடையும் கையில் ஒட்டிக்கொண்டன. பூதக்கண்ணாடியை நீட்டி, "சொல்லு" என்றார்.

தளர்ந்த டையில் அடித்த ஆறும் ஆறு விதமாக இருந்தன. ஒன்றில் படி இடப்பக்கம், ஒன்றில் வலப்பக்கம், ஒன்றில் படியே இல்லை. இரட்டை டையில் அடித்த ஆறும் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பதுபோல இருந்தன. ஒரே தடிப்பு, ஒரே இடத்தில் பிளவு. எண்கள் இடம் வலமாகத் திரும்பி விழுந்திருந்ததை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

"இதுதான்ப்பா. நம்ம ரூவா மாதிரியே இருக்கு."

அப்பா சிரித்தார். பற்கள் தெரிய, தோள் குலுங்க. வேப்பமரத்தடியிலிருந்து பட்டறை மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் நான் ஒரு சில்லைக் கேட்காமல் எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். இரட்டை வகை.

திங்கட்கிழமை அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. பக்கத்தில் உட்காருபவள் மேஸ்திரியின் மகள்.

"என்னடி இது, காசா?"

"காசு இல்ல. எங்கப்பா அடிச்சது."

"ஒரு நாளைக்குக் குடுடி. வீட்டுல காட்டிட்டுத் தாரேன்."

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பட்டறை முதலாளியும் மேஸ்திரியும் வீட்டுக்கு வந்தார்கள். முதலாளி எங்கள் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. அப்பா சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தார். அம்மா அவசரமாகப் பாயை விரித்தாள். முதலாளி உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து சில்லை எடுத்து என் முன்னால் நீட்டினார். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"பாப்பா, இத அடிச்சது யாரு?"

"எங்கப்பா."

"எங்க வச்சு?"

"பட்டறையில, பிரஸ்ல."

"எத்தன அடிச்சாரு?"

"பன்னண்டு."

"எதுக்கு?"

"ரூவா எப்படி வருதுன்னு பாக்கறதுக்கு."

அதைப் பெருமையாகச் சொன்னேன். வகுப்பில் சரியான விடை சொல்பவளின் குரலில்.

பின்னாளில் என் மேசைக்கு வந்த எத்தனையோ செய்திகளில் இதே கோளாறைப் பார்த்திருக்கிறேன். யார், எங்கே, எத்தனை, எல்லாம் சரியாக இருக்கும். எதற்கு என்ற இடத்தில் ஒரு சொல் விடுபட்டிருக்கும். ரூபாயில் பிழை எப்படி வருகிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லத் தேவையே இருந்ததில்லை. ரூபாய் என்றாலே நாங்கள் பிழையைத்தான் பேசினோம்.

"கேட்டுக்கங்க மேஸ்திரி" என்றார் முதலாளி.

மேஸ்திரி சில்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். "நம்பரு இடம் வலமாத் திரும்பித்தான் விழுந்துருக்கு மொதலாளி. இது வெள்ளோட்டமா இருக்கும். ஆனா இந்த அஞ்சப் பாருங்க. வாலு நறுங்கிருக்கு. நம்ம பூட்டுல விழுற அதே அஞ்சு. பஞ்ச்சு நம்மளுதுதான், சந்தேகமே இல்ல."

அவர் சொன்னது சரி. ஒரே கருவியில் பிறந்தது ஒரே குறையோடு பிறக்கும். அப்பா இரண்டு மாதமாகத் தேடிய சாட்சியம் அதுதான். அது இப்போது அவருக்கு எதிராகக் கிடைத்திருந்தது.

அப்பா குடங்களோடு வந்தார். முதலாளியைப் பார்த்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஏய்யா, உனக்கு என்னய்யா கொற வச்சேன்?"

"மொதலாளி, அது வெறும் நம்பரு. டை ரெண்டா இருந்தா எப்டி விழும்னு..."

"டையா? ரூவாய்க்கு டையா?"

"இல்ல மொதலாளி. ஏங்கிட்ட ஒரு காசு இருக்கு. கவர்மெண்டு அடிச்சதுதான். அதுல எட்டு ரெண்டா விழுந்துருக்கு. செத்த இருங்க, காட்டுறேன்."

உள்ளே ஓடி மூக்குப்பொடி டப்பாவையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துவந்தார். இரண்டையும் நீட்டியபடி நின்றார். முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எதையும் பாக்க வேணாம். இது பூட்டு விக்கிற ஊருய்யா. நம்ம பிரஸ்ல ரூவா அடிச்சாங்கன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா, எவன் நம்ம பூட்ட வாங்கிக் கதவுல மாட்டுவான்? நான் ஸ்டேஷன்ல சொல்லலேன்னா நாளைக்கு என்னையும் சேத்துல்ல இழுப்பாங்க?"

"கண்ணாடியில ஒரு தடவ பாருங்க மொதலாளி. ஒரே ஒரு தடவ."

அவர்கள் போன பிறகும் அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருந்தது. முதலாளி கொடுமைக்காரர் அல்ல. தீபாவளிக்கு எனக்குப் பாவாடைத் துணி கொடுத்தவர். பயந்த மனிதர், அவ்வளவுதான். குனிந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பழக்கமில்லாத கண்ணுக்கு மூன்று டப்பாவும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் சைக்கிளில் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மீதிச் சில்லுகளையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா மூன்று டப்பாக்களையும் முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டாள். மறுபடி வந்து வீட்டைச் சோதிப்பார்கள், காசைப் பார்த்தால் இன்னும் மோசமாகும் என்பது அவள் கணக்கு. கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கூடை நிறையக் கத்தரிக்காய், தக்காளி, முருங்கைக்காய், ஒரு பூசணிக்காய். முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"மொத டப்பாவுல இருந்ததையுமாம்மா?"

"எல்லாம் ரூவாதானடி."

"அது ஒண்ணே ஒண்ணும்மா."

"ஒங்கப்பனும் ஒண்ணே ஒண்ணுதான். போடி."

மதியம் ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்தார். காலி டப்பாக்களை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றும் மறுநாள் காலையிலும் அடுப்பு எரியவில்லை. அந்த வாரம் முழுவதும் தக்காளி அழுகும் வாடை. தோல் ஷாப்பு வாடையே அதற்குத் தேவலை. பூசணிக்காய் மட்டும் ஒரு மூலையில் கெடாமல் கிடந்தது.

கூட்டிக்கொண்டு போன மறுநாள் மதியமே அப்பா வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பாங்க் காஷியர் ஒருவரை வரவழைத்துச் சில்லுகளைக் காட்டியிருக்கிறார். "சார், இத மொகம் பாக்குற கண்ணாடி முன்னால புடிச்சாத்தான் எண்பத்தஞ்சுன்னு படிக்க முடியும். பின்பக்கம் மொழுக்கட்டை. குருடன்கூட வாங்க மாட்டான்" என்றாராம் அவர். ஸ்டேஷனே சிரித்ததாம். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லை.

ஆனால் அன்று காலைப் பத்திரிகையில் மூன்று வரி வந்திருந்தது. போலி நாணயம் தயாரித்ததாகப் பூட்டுத் தொழிலாளியிடம் விசாரணை. அவரை விட்டுவிட்ட செய்தி வரவில்லை. நான் அந்தத் தொழிலுக்குப் போன பிறகு, இப்படி மூன்று வரியோடு வரும் நிருபர்களிடம் அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பெரும்பாலும் பதில் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்த அப்பா குளித்துவிட்டு அலமாரி அருகே போனார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அம்மா அதைக் கழுவிக் கடுகு போட்டு வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினார். எங்கே என்று கேட்கவில்லை. நானும் அம்மாவும் பதில் தயாராக வைத்திருந்தோம்.

முதலாளி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. வேறு பட்டறைகளும் எடுக்கவில்லை. எல்லாரும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். "ஒங்க மேல தப்பில்லண்ணே, தெரியும். ஆனா பிரஸ்ல வைக்க முடியாதுல்ல?" கடைசியில் வெங்காய மண்டியில் சாக்கு தைக்கும் வேலைக்குப் போனார். கோணி ஊசிக்கு அவ்வளவு பார்வை வேண்டியதில்லை. சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். காசு கையில் வந்தால் விரலில் உருட்டாமல், தடவாமல் நேராகப் பைக்குள் போட்டுக்கொள்வார். நான் என் நான்கு பதில்களைப் பற்றி அவரிடம் பேசவில்லை. யார் என்னிடம் கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அந்தக் காசு உண்மையில் டையிலேயே இரட்டையானதுதானா? இன்று கேட்டால், அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். உறுதியாகச் சொல்ல முடியாது. பாய் கேட்ட ஜோடி கிடைக்கவில்லை. அதைப் பார்த்த கண் ஒரு பதினொரு வயதுப் பெண்ணின் கண்.

சந்து முனையில் ஒரு மளிகைக்கடை இருந்தது. அந்த ஆடிக்குப் பிறகு கடைக்காரர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். நாங்கள் கொடுக்கும் காசைத் தராசுக்குப் பக்கத்திலிருந்த கருங்கல்லில் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் காசு நேராக டிராயருக்குள் போகும். எங்கள் ரூபாய் கல்லில் விழுந்து, சுழன்று, அடங்கும்வரை அவர் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அம்மா கையில் பையோடு காத்திருப்பாள். அலுமினியப் பத்துப் பைசா எப்படித் தட்டினாலும் 'டக்' என்றுதான் விழும். அதில் கேட்க ஒன்றுமில்லை. அதையும் தட்டுவார். ஒருநாள்கூட அவர் எங்களிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வேறு கடைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அம்மா, "மாத்துனா, பயந்துட்டு ஓடுறாங்கம்பாக" என்றாள். அதே கடையில்தான் வாங்கினோம்.

நான் காலேஜ் முடித்த வருடம் அப்பா இறந்தார். காலையில் சூடமும் ஊதுவத்தியும் வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். கடைக்காரர் எழுந்து நின்றார். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நான் நீட்டிய ரூபாய்க் காசுகளை வாங்கி அப்படியே டிராயருக்குள் போட்டு மூடினார்.

நான் நகரவில்லை.

"என்னா தாயி, வேற எதும் வேணுமா?"

"தட்டிப் பாக்கலையாண்ணே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். சங்கடமோ கோபமோ அதில் இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"இனி எதுக்குத் தாயி?"